பெரியவளின் லீவு லெட்டர்

எங்கள் ஓட்டலின் துணிக்கிடங்கில் ஓரகத்திகள் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். பதிவேட்டில் அவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழில் ஒரு சொல் தெரியாத மேனேஜர்கூட நாக்கை எங்கெங்கோ முட்டவிட்டு ‘பெரியவலே’ என்றுதான் கூப்பிடுவார். நான் அதே கிடங்கின் மூலையில் மெஷின் போட்டு உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளைத் தைக்கிறவள். இது பெரியவளின் கதை. நடுவில் சின்னவளைப் பற்றி நான் கொஞ்சம் காரமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிடங்கு தரைக்குக் கீழே இருக்கிறது. ஏழு மாடியிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாகத் தொப் தொப்பென்று வந்து விழும். ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், நடுவில் விரிப்புகளைத் தேய்த்து வெளியே தள்ளும் பெரிய உருளை, அதற்கப்பால் மடிக்கிற மேசை, பிறகு கூரை வரைக்கும் அலமாரிகள். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. அந்த மடிக்கிற மேசையில் பெரியவள் பத்தொன்பது வருஷம் நின்றாள். கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, “இது மூணாம் மாடி, எப்படித் தேஞ்சிருக்கு பாரு. இன்னும் பத்துத் துவையல் தாங்கினா அதிசயம்” என்பாள். சரியாக இருக்கும். பத்தாவது துவையலில் அது கிழிந்து என் மேசைக்கு வரும்.

பெரியவளுக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. பதினெட்டு வயதில் கல்யாணம். வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். வாய் பேசாத மனிதர், பஸ்ஸுக்குக் கீழே படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். பிள்ளை ஒன்று, அதுவும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டது. வீட்டில் கீழ்த்தளம் பெரியவளுக்கு, மாடி சின்னவளுக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்த புதிதில் சின்னவள் நாள் முழுக்க மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். அவளைக் கையைப் பிடித்து ஓட்டலுக்கு அழைத்து வந்து, மேனேஜரிடம் கெஞ்சி வேலை வாங்கிக்கொடுத்தவள் பெரியவள். மூலையோடு மூலை சேர்த்து மடிக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவளே. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே டப்பாவைத் திறந்து சாப்பிடுவார்கள். பார்க்கிறவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்றே நினைப்பார்கள்.

கிடங்கின் மேற்பார்வையாளர் ஓய்வு பெறப்போகிறார் என்ற பேச்சு வந்தபோதுதான் பெரியவளுக்கு முதன்முதலாக ஓர் ஆசை வந்து பார்த்தேன். மேற்பார்வையாளரின் நாற்காலி தரைத்தளத்தில், பின்வாசலை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறது. அங்கே ஒரு ஜன்னல் உண்டு.

“பத்தொன்பது வருஷமா, வெளியில மழையா வெயிலான்னு மேலேருந்து இறங்கி வர்றவங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்டி. இனிமே நானே பார்க்கணும்” என்றாள் என்னிடம்.

அவ்வளவுதான் அவள் கேட்டது. நாற்காலி, ஜன்னல், மழை. அதற்குத் தடையாக இருந்தது இங்கிலீஷ் மட்டும்தான். மேற்பார்வையாளர் ஏழு மாடிகளோடும் போனில் இங்கிலீஷ் பேச வேண்டும். எங்கள் கிடங்கின் இங்கிலீஷ் எப்படி என்றால், ஒருநாள் ஐந்தாம் மாடியிலிருந்து ‘டேக் தி டவல்ஸ்’ என்று போன் வந்தது. ‘டேக்’ என்றால் எடு என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அலமாரியிலிருந்து அறுபது சலவைத் துண்டுகளை எடுத்து, தள்ளுவண்டியில் அடுக்கி மேலே அனுப்பினோம். அங்கே ஏற்கெனவே குவிந்திருந்த அறுபது அழுக்குத் துண்டுகளைக் கொண்டுபோகச் சொல்லித்தான் அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். நூற்றிருபது துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஐந்தாம் மாடிப் பெண் கத்திய கத்தல் தகரக் குழாய் வழியாகவே எங்களுக்குக் கேட்டது.

அந்தக் கூத்துக்குப் பிறகு ஓட்டல்காரர்கள் வாரத்துக்கு இரண்டு நாள், முதல் ஷிப்ட் முடிந்ததும் ஊழியர் சாப்பாட்டுக்கூடத்தில் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். வந்த மிஸ் தமிழும் நன்றாகப் பேசுவாள். முதல் நாளே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நீங்க செய்யறது எல்லாம் நடமாட்ட வேலை. தூக்கறது, இறக்கறது, கொண்டு வர்றது, கொண்டு போறது. அந்த வார்த்தைங்கள்ல இருந்தே ஆரம்பிப்போம்” என்றாள். என் பக்கம் வந்தால் ‘பிரிங்’, என்னை விட்டுத் தள்ளிப் போனால் ‘டேக்’, போய் எடுத்துத் திரும்பினால் ‘ஃபெட்ச்’. ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு எங்களை அங்கும் இங்கும் நடக்கவிட்டாள். கொண்டு வா, கொண்டு போ என்று தமிழில் கண்ணாடி மாதிரி தெளிவாக வைத்திருக்கிற நாங்கள், அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கியதும் முழித்த முழி இருக்கிறதே, சொல்லி மாளாது.

நாங்களெல்லாம் வகுப்பைத் தூங்குகிற இடமாக எடுத்துக்கொண்டோம். பெரியவளுக்கு மட்டும் பைத்தியம் பிடித்துவிட்டது. மிஸ் ஒருநாள் நடையில் எத்தனை விதம் என்று நடந்து காட்டினாள். நொண்டினால் ‘லிம்ப்’, காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனால் ‘ஷஃபிள்’, வேலை வெட்டி இல்லாமல் உலாத்தினால் ‘ஸ்ட்ரோல்’, தள்ளாடினால் ‘ஸ்டாகர்’, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தாவாகப் போனால் ‘ஸ்ட்ரட்’. மறுநாளிலிருந்து பெரியவள் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஒரு சொல்லை ஒட்டிவைத்தாள். காவலாளி ‘மார்ச்’. சமையல்காரர் ‘ஷஃபிள்’. மேனேஜர் காலையில் ‘ஸ்ட்ரட்’, முதலாளி வந்துவிட்டுப் போன பிறகு ‘ஸ்டாகர்’. எனக்கு முட்டிவலி. “நீ லிம்ப்டி” என்றாள். நொண்டி என்று தமிழில் சொல்லியிருந்தால் கையில் இருந்த கத்தரிக்கோலை வீசியிருப்பேன். இங்கிலீஷில் சொன்னதால் சிரித்துத் தொலைத்தேன்.

சின்னவளும் அன்றைக்கு ஆவலாகக் கேட்டாள். “நான் எப்படி நடக்கறேன் அக்கா?”

பெரியவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரிப்பை உதறியபடியே, “நீ எங்க நடக்கற? என் பின்னாடியே வர்ற. அதுக்கு ஃபாலோன்னு பேரு” என்றாள். மேசையைச் சுற்றி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சின்னவளும் சிரித்தாள். அவள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இன்றைக்கு எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது.

வேலைக்கு இரண்டு பெயர்கள் மேனேஜரின் மேசைக்குப் போயின. ஒன்று பெரியவள், இன்னொன்று சின்னவள். சின்னவள் பள்ளிப்படிப்பை முடித்தவள், எழுத்து அழகாக இருக்கும், இலக்கணம் பெரியவளைவிட நன்றாக வரும். ஆனால் எட்டு வருஷம் எங்கே, பத்தொன்பது வருஷம் எங்கே. பெரியவளுக்குத்தான் என்று கிடங்கில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். சின்னவளே, “அக்காவுக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரிதான்” என்று வாயாரச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துப் பெரியவளின் வீட்டுக்காரர் பணிமனையில் ஒரு கியர்பெட்டியைத் தூக்கப்போய் அப்படியே மடங்கி விழுந்துவிட்டார். முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது, அறுவை செய்தே ஆக வேண்டும், மூன்று வாரம் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த வாரத்து இரண்டு வகுப்புக்கும் பெரியவள் வரவில்லை, டாக்டர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியவள் லீவு லெட்டர் எழுதவேண்டும் என்று என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக இதற்கெல்லாம் ஆபீஸ் கிளார்க்கின் காலைப் பிடிப்போம், அவர் ஏதோ ஒரு படிவத்தை எடுத்து நிரப்பிக்கொடுப்பார். சின்னவள் பேனாவோடு வந்தாள்.

“எதுக்கு அக்கா அவரை? நான் எழுதித் தர்றேன். நாமளே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா மேனேஜருக்கும் ஒரு மரியாதை வரும். வேலைக்குப் பேர் போயிருக்கற நேரம்.”

பெரியவளின் முகம் மலர்ந்துபோனது. “பாருடி, எனக்கு இது தோணவே இல்லை” என்றாள் என்னிடம்.

சின்னவள் அழகான எழுத்தில் இரண்டே வரி எழுதினாள். பெரியவள் அதை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் படித்த சத்தத்தில் ‘ஹஸ்பண்ட்’ என்பதும் ‘ஆபரேஷன்’ என்பதும் ‘மண்டே’ என்பதும் என் காதில் விழுந்தன.

“மூணு வாரம்னு எங்கயும் காணோமே?” என்று பெரியவள் கேட்டாள்.

“அதெல்லாம் ஆபீஸ்ல படிவத்துல போட்டுக்குவாங்க அக்கா. லெட்டர்ல காரணம் மட்டும் இருந்தா போதும்.”

பெரியவள் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய கையெழுத்து அவளைப் போலவே இருக்கும், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். மேலே போய்க் கொடுத்துவிட்டு வந்தவள் அசந்துபோயிருந்தாள். “மேனேஜர் எந்திரிச்சு நின்னு கை குடுத்தாருடி! வி வில் மிஸ் யூங்கறாரு. மூணு வாரத்துக்கு இவ்வளவு உருகறாரே, மனுஷன் நல்லவர்தான்” என்றாள். லாக்கர் சாவியையும் அடையாள அட்டையையும் கிளார்க் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம். யாரோ தற்காலிகமாக வருகிறவர்களுக்குத் தேவைப்படும் என்று அவள் நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூளை என்று ஒன்று எனக்கும் இருக்கிறது, அன்றைக்கு அதைத் தைத்து மூடிவைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சின்னவள் வந்து சொன்னாள். தினமும் சாயந்திரம் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்ச் சமைத்து, கேரியரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதை நான் மறைக்கவில்லை, யாரும் மறுக்கவும் முடியாது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை காலையில் சின்னவள் சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு கிடங்குக்கு இறங்கி வந்தாள். அது மேற்பார்வையாளரின் கோட்டு. நான் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

“என்ன இது? பெரியவ வந்ததும்தானே முடிவு பண்றதா இருந்தாங்க?”

“அக்கா இனிமே வரமாட்டாங்க” என்றாள். “மாமா உடம்பு அப்படி இருக்கு. வேலையை விட்டுடறதா எழுதிக் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?”

இதுதான் நான் சொல்ல வெட்கப்படுகிற இடம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல்? பெரியவள் மேல். பதினாலு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், என் முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள், என் மகள் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாக ஓடியாடியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் வேலையை விட்டுவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே, நான் அவ்வளவு வேண்டாதவளாகிவிட்டேனா என்று மனசு கொதித்தது. அவள் நம்பர் என் போனில் இருந்தது. அழுத்தினால் அரை நிமிஷம். அவளாகக் கூப்பிடட்டும் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோஷமாம் ரோஷம். அவள் பாவம், கணவனைப் புரட்டிப் படுக்கவைக்கவும் மாத்திரை கொடுக்கவும் ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் முடிந்து திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியவள் பின்வாசலில் வந்து நின்றாள். கைரேகை மெஷினில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. விரலைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள், சிவப்பு. கட்டைவிரலை வைத்தாள், மற்ற கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வாசலுக்கு வந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “மூணு வாரம் துணி மடிக்கலைன்னா ரேகைகூட மாறிடுமாடி?” என்றாள்.

“நீ வேலையை விட்டுட்டேன்னு சொன்னாங்களே” என்றேன்.

“யாரு விட்டா? நான் லீவுல இல்ல போனேன்?”

மேனேஜர் வரும்வரை இரண்டு பேரும் ஆபீஸ் வாசலில் நின்றோம். என்னைப் போய் வேலையைப் பார் என்று கிளார்க் விரட்டினார், நான் நகரவில்லை. மேனேஜர் வந்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டார். பேச்சை மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே, மேற்பார்வையாளரை வரச்சொல் என்றார். சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு சின்னவள் வந்து நின்றாள். பெரியவள் அவளையும் அந்தக் கோட்டையும் ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு, நீங்கள் நம்பமாட்டீர்கள், அவள் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது.

“உனக்குக் குடுத்துட்டாங்களா? என்கிட்ட ஏன்டி சொல்லலை?” என்றாள்.

மேனேஜர் கோப்பிலிருந்து லெட்டரை எடுத்து மேசையில் வைத்து, பெரியவளைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “டிட் யூ வான்ட் டு லீவ்?”

பெரியவளுக்கு இது புரிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்ற பெருமிதத்தோடு தலையைத் தலையை ஆட்டினாள். “யெஸ் சார், யெஸ். லீவ். லீவ்.”

மேனேஜர் கையை விரித்தார். பிறகு என்ன இருக்கிறது பேச என்பது போலக் கோப்பை மூடப்போனார். நான் எட்டி அந்தக் காகிதத்தை இழுத்துப் பார்த்தேன். ‘ஐ ஆம் லீவிங் ஃப்ரம் மண்டே.’ அடுத்த வரியில் கணவர், ஆபரேஷன். அவ்வளவுதான். எத்தனை நாள் என்று இல்லை, திரும்பி வருவேன் என்று இல்லை.

அந்த வரியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பெரியவள் வராத அந்த வாரம் வகுப்பில் நான் சின்னவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மிஸ் எடுத்த பாடமே ‘கோ’வும் ‘லீவ்’வும்தான். ‘கோ’ என்றால் ஓர் இடத்துக்குப் போவது, ‘லீவ்’ என்றால் ஓர் இடத்தை விட்டுப் போவது என்றாள். நம் ஆட்களுக்கு லீவு என்றால் விடுமுறை, அதனால்தான் ஏமாந்துபோகிறோம், லீவு வேணும் என்று கேட்டால் திரும்பி வருவீர்கள், ‘ஐ ஆம் லீவிங்’ என்றால் கிளம்பிவிட்டீர்கள் என்றாள். அப்போது சின்னவள்தான் கையைத் தூக்கினாள். “அப்போ லீவு லெட்டர்ல ஐ ஆம் லீவிங்னு எழுதினா என்ன ஆகும் மிஸ்?” என்று கேட்டாள். “வேலை போயிடும்” என்றாள் மிஸ். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பத்து வாக்கியம் எழுதச் சொன்னதில் பத்துக்கும் சரி வாங்கியவள் சின்னவள் ஒருத்திதான்.

“நீதானே கேட்ட?” என்று நான் கத்தினேன். மேனேஜர் அறை என்பதெல்லாம் மறந்துவிட்டது. “அன்னைக்கு மிஸ்கிட்ட இதே வார்த்தையை நீதானே கேட்ட? கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே எழுதின? கூடவே இருந்து கழுத்தை அறுத்துட்டியே!”

சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அக்கா லீவு கேட்டாங்க. நான் லீவுன்னுதானே எழுதினேன்.”

பெரியவள் என்னைப் பார்த்தாள். “என்னடி எழுதியிருக்கு அதுல?” என்றாள். நான் சொன்னேன். ஒருதரம் சொன்னது போதவில்லை, இரண்டாம் தரம் சொன்னேன். அவள் காகிதத்தை வாங்கி, அன்றைக்குச் செய்தது போலவே விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். விரல் அவளுடைய கையெழுத்து வரைக்கும் போய் நின்றது.

பிறகு அவள் மேனேஜரிடம் தானே பேசினாள். “சார், ஐ வென்ட். ஹாஸ்பிடல் வென்ட். நவ் ஐ கேம் பேக். ஐ நாட் லீவ். நைன்டீன் இயர்ஸ், சார், ஐ நெவர் லீவ்.” இலக்கணம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அதைவிடத் தெளிவாக அந்த அறையில் யாரும் பேசவில்லை.

மேனேஜருக்குப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது, மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, மடிக்கிற மேசைக்குப் புது ஆளும் எடுத்தாகிவிட்டது. துவைக்கிற பிரிவில் புது ஆளாகச் சேரலாம், ஆறு மாதம் சோதனைக் காலம், மேற்பார்வையாளரின் கீழ் வேலை என்றார். இதை யாராவது தமிழில் சொல்லுங்கள் என்று எங்களைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சின்னவள்தான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சொல் விடாமல், சரியாகச் சொன்னாள்.

பெரியவள் ‘நோ சார்’ என்றாள். லெட்டரை மடித்தாள். பழக்கதோஷம், மூலையோடு மூலை சேர்த்துத்தான் மடித்தாள். மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

பின்வாசலில் சின்னவள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. பொய்யழுகை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பொய்யழுகை இல்லை.

“தினமும் சொல்லணும்னுதான் அக்கா கேரியரைத் தூக்கிட்டு வந்தேன். மாமா மூஞ்சியப் பார்த்தா வாய் வரலை. ஆபீஸ்லருந்து உங்களுக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் வந்துச்சு, அதையும் நான்தான் எடுத்து வெச்சிருக்கேன்.”

“ஏன்?” என்று பெரியவள் கேட்டாள். ஒரே சொல்தான்.

“வீட்லயும் நீங்க பெரியவங்க, வேலையிலயும் நீங்க பெரியவங்க. கீழ்வீட்லயும் உங்க பேச்சு, மேல்வீட்லயும் உங்க பேச்சு. இந்த நாற்காலியும் உங்களுக்குப் போயிட்டா, நான் சாகற வரைக்கும் சின்னவளாவே இருக்கணுமா அக்கா? நல்லா எழுதறது நான், நல்லாப் பேசறது நான். கேட்டா நீங்க விட்டுக் குடுத்திருப்பீங்க. எல்லாத்தையும் நீங்க குடுத்தே நான் வாங்கணுமா?”

பெரியவள் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “ஆமா, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்” என்றாள். “என் புருஷன் படுக்கையில கிடக்கறப்போ, அந்தக் காகிதத்தை வெச்சு என்னை வெளியில தள்ளியிருக்க. மூணு வாரம் நீ கொண்டுவந்த சோத்தை நான் வாங்கித் தின்னிருக்கேன்.”

என் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நான் சொல்லாமக் கொள்ளாம வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்னு நீயும் நம்பிட்டியாடி?” என்றாள். “ஒரு போன் பண்ணியிருக்கலாமே. ஒரே ஒரு போன். அந்த வாரமே வந்து அழிச்சு எழுதியிருப்பேனே.”

கோபித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதா? பன்னிரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதா? பக்கத்தில் சின்னவளின் விசும்பல் கேட்டுக்கொண்டிருந்தது. சின்னவளும் நானும் ஒரு பக்கமாகவும் பெரியவள் எதிர்ப்பக்கமாகவும் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பெரியவள் தோளில் பையை ஏற்றிக்கொண்டாள். வேலை முடிந்து கிளம்புகிறபோது பத்தொன்பது வருஷமும் அந்த வாசலில் நின்று எல்லோரையும் போல ‘வரேன்’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள்.

“போறேன்” என்றாள்.

எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னாள்.